டின்னில் வைத்த எலுமிச்சை

அயல்நாட்டில் வாழும் நம் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனால், கூடத்து ஜன்னலோரம் ஒரு தொட்டி இருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். எலுமிச்சையாகவோ கொய்யாவாகவோ இருக்கும். சில வீடுகளில் அது தழைத்து நிற்கும். பல வீடுகளில் நாலு இலையோடு குச்சியாக நிற்கும். "இந்த ஊர்க் குளிருக்கு நம்ம செடியெல்லாம் தாங்காதுங்க" என்று வீட்டுக்காரர்கள் அதற்காக வருத்தப்பட்டுக்கொள்வார்கள்.

நான் தோட்டக்கலை படித்தவன் அல்லன். மின்பொறியியலில் டிப்ளமோ பெற்று, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் என் கட்சி இதுதான்: வீட்டுக்குள் இருக்கும் செடியைக் குளிர் கொல்வதில்லை. வெளியே பனி கொட்டினாலும் உங்கள் வீட்டுக்குள் 22 டிகிரி. எங்கள் கோலார் தங்க வயலின் மார்கழி இரவு அதைவிடக் குளிர். அங்கே எலுமிச்சை காய்க்கிறதே!

தங்க வயல் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளுமைக்காகவும் அங்கே வாழ்ந்த வாழ்க்கைக்காகவும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் அதற்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்றே பெயர். துரைமார் பங்களாக்களைச் சுற்றித் தோட்டம் இருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம்மவர்களுக்குக் கிடைத்தவை 'லைன்' வீடுகள். முதலில் மூங்கில் தட்டி வீடுகள், பிறகு சுவர் வைத்தவை. நான் பிறந்த சாம்பியன் ரீஃப் வீட்டில் ஓர் அறை, அடுப்படி, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம். அவ்வளவுதான். ஆலையில் பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சாம்பல் நிற மண், ஊரைச் சுற்றி மலை மலையாக நின்றது. இன்றும் நிற்கிறது. ஆடிக் காற்றடித்தால் அந்தத் தூள் பறந்து வந்து சோற்றுத் தட்டு வரைக்கும் படியும்.

ஆகவே என் அம்மா செடிகளை டின்னில் வைத்தார். டால்டா டின், எண்ணெய் டின், எது கிடைத்தாலும் சரி. அடியில் ஆணியால் ஆறேழு ஓட்டை. ஓட்டையின்மேல் உடைந்த ஓட்டுச் சில். அதன்மேல் பங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும். பூமிக்கடியில் பாறை வெடித்து வீடே குலுங்குவது எங்கள் ஊரில் சகஜம் என்பதால், டின்கள் திண்ணைமேல் ஏறாமல் தரையிலேயே இருக்கும். டின்னில் வைத்ததற்கு அம்மா இன்னொரு காரணமும் சொல்வார்: "மண்ணுல வச்சா கம்பெனிக்கி, டின்னுல வச்சா நமக்கு." வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் அல்லவா? அப்பா ஓய்வு பெற்றபோது கைவண்டியில் பாத்திர பண்டங்களோடு ஐந்து டின்களும் ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தன. அதில் ஒன்று எலுமிச்சை.

அப்பா பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். மேலே இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினார்கள். கீழே எவ்வளவு சூடு என்பதைவிட, அங்கே மனிதன் வேலை செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஈரத் துணி சுற்றிய வெப்பமானி ஒன்றையும் சாதாரண வெப்பமானி ஒன்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால், காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, வேர்வை காயாது, ஆள் மயங்கி விழுவான் என்று அர்த்தம். பின்னாளில் நான் பெங்களூரில் ஏ.சி. பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் சேர்ந்தபோது என் கையில் கொடுத்ததும் அதே ஜோடி வெப்பமானிதான். முப்பது வருடத்துக்குமேல் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். செடிக் கட்டுரையில் இதை ஏன் சொல்கிறேன் என்பது இனித் தெரியும்.

என் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். 2022 கோடையில் நாற்றுப் பண்ணையில் ஓர் ஒட்டு எலுமிச்சை வாங்கினாள். ஊரில் பாட்டி வீட்டு டின் நினைப்பு. பால்கனியில் நன்றாக இருந்த செடி, அக்டோபரில் உள்ளே வந்தது. டிசம்பர் கடைசியில் நான் போய் இறங்கியபோது ஓர் இலை இல்லை. "செத்துப்போச்சுப்பா. பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். தோலுக்கடியில் பச்சை இருந்தது. உயிர் இருக்கிறது என்பதற்கு அது போதும்.

முதலில் இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றி, செடிக்குப் பக்கத்தில் வைத்து விசிறினேன். பேரன் விஞ்ஞானப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான். காய்ந்த குமிழ் 22 காட்டியது. ஈரக் குமிழ் 12-க்கும் கீழே போயிற்று. என் பணிக்காலத்தில் எந்த ரயில் பெட்டியிலும் இவ்வளவு இடைவெளியைப் பார்த்ததில்லை. அப்பாவின் சுரங்கத்துக்கு நேர் எதிர் நிலை: காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம்.

கணக்கு எளிது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு 19 கிராமுக்குமேல் ஆகிவிடும். உள்ளே இருப்பதோ அதே 5 கிராம். மீதியை அந்தக் காற்று எங்கிருந்து எடுக்கும்? உங்கள் உதட்டிலிருந்து, மேஜையின் பலகையிலிருந்து, செடியின் இலையிலிருந்து. வெளியே குளிர் ஏற ஏற வீட்டுக்குள் இந்த வறட்சியும் ஏறும்.

மகள் வீட்டில் ஹீட்டர் காற்று வரும் ஜாலி வேறு ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது. குளிர்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்காக அங்கே தொட்டியை வைத்தால், இரவு பகலாகச் சூடான வறண்ட காற்று இலைமேல் அடிக்கிறது. முதல் வேலையாகத் தொட்டியை அங்கிருந்து நகர்த்தினேன். நாள் முழுதும் ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைப்பது கொஞ்சம் உதவும். நான்கைந்து செடிகளைக் கூட்டமாக வைப்பது இன்னும் கொஞ்சம் உதவும். உண்மையில் பலன் தருவது ஈரப்பதமூட்டி இயந்திரம்தான். குழந்தைக்குச் சளி பிடித்தபோது வாங்கியது பல வீடுகளில் பரணில் கிடக்கும். எடுத்து ஓட்டுங்கள். ஈரப்பதம் 45-50 வந்தால் செடிக்குப் போதும், உங்களுக்கும் நல்லது. அதற்குமேல் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சுவரில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கமும் நனைய ஷவரில் குளிப்பாட்டினால், வறண்ட காற்றில் பெருகும் சிவப்புச் சிலந்திப் பூச்சி அண்டாது.

அடுத்தது வெளிச்சம். இதில் நம் கண் நம்மை நன்றாக ஏமாற்றும். திறந்த வெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலோரம் சில ஆயிரம் இருக்கலாம். அறை நடுவில் சில நூறுதான். நமக்குப் புத்தகம் படிக்க அது தாராளம். எலுமிச்சைக்கு அது பட்டினி. நேரமும் குறைவு. டிசம்பர் 21-ல் தங்க வயலில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். டொரண்டோவில் 9 மணிக்கும் குறைவு. லண்டனில் 8-க்கும் குறைவு. ஆஸ்லோவில் 6 மணி நேரம்கூட இல்லை. தெற்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அதுதான் செடிக்கு. (ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வாசகர்களுக்கு வடக்கு ஜன்னல்.) அதோடு செடிக்கென்று விற்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை இலைக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் வைத்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிட்டோம். விளக்கை உயரத் தூக்கத் தூக்க வெளிச்சம் வேகமாகக் குறையும், ஆகவே கூரையில் மாட்டாதீர்கள். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து 1902-ல் மின்சாரம் கொண்டுவந்த ஊர் எங்களுடையது. சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் அது. எலுமிச்சைக்குச் சூரியனாக எரியும் என்று யார் நினைத்தார்கள்!

மூன்றாவதாக வேர். இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஜன்னல் விளிம்புக் கல்லில் இருந்த தொட்டியின் மண்ணில் வெப்பமானியைச் செருகினேன். 11 டிகிரி! அறை 22, வேர் 11. எலுமிச்சை இன வேர்கள் 12, 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலை நிறுத்தம் செய்துவிடும். இலையில் வெயில் படுகிறது, வறண்ட காற்று உறிஞ்சுகிறது, இலை தண்ணீர் கேட்கிறது; கீழே வேர் கொடுப்பதில்லை. செடி இலையை உதிர்த்துத் தப்பித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் போதவில்லை என்று குழாயில் வரும் ஐஸ் தண்ணீரை இன்னும் ஊற்றுகிறோம். ஏற்கெனவே விறைத்த வேர் அழுகிப்போகிறது. குளிர்நாட்டு வீடுகளில் செடிகள் சாவது பெரும்பாலும் இந்த ஊற்றலில்தான்.

தொட்டிக்கடியில் தெர்மகோல் பலகையை வைத்துக் கல்லிலிருந்து பிரித்தோம். தண்ணீரை முந்தின நாளே பிடித்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு ஊற்றினோம். எப்போது ஊற்றுவது என்பதற்குப் பேரனுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன். நன்றாக நனைத்து வடியவிட்டபின் தொட்டியை எடை பார்க்கும் மெஷினில் வைத்துக் குறித்துக்கொள். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்ததும் மறுபடி குறித்துக்கொள். அந்தக் கீழ் எடை வரும்வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஜனவரியில் பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஆயிற்று. தட்டில் வடிந்த தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். அம்மாவின் டின்னில் ஆறேழு ஓட்டை இருந்தது. கடையில் விற்கும் அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் ஒன்றுகூட இல்லை. அவற்றை வாங்காதீர்கள்.

இப்படிக் கண்ணாடிக்குள் வெயிலையும் ஈரத்தையும் கட்டிவைத்து வெப்பநாட்டுப் பழம் வளர்ப்பது புதிதல்ல. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் கண்ணாடி வீட்டுக்குள் வாழை வைத்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. அடுத்த மே மாதம் நூற்றுக்குமேல் காய். பிரபுவின் குடும்பப் பெயர் காவெண்டிஷ் என்பதால் வாழைக்கும் அதே பெயரை வைத்தார். உலகச் சந்தையை இன்று ஆளும் வாழை இனம் அந்தக் காவெண்டிஷ்தான். அதன் குட்டை வகை மொரீஷியஸ் வழியாக வந்ததால் தமிழ்நாட்டில் 'மோரிஸ்' ஆயிற்று. அதே பாக்ஸ்டன்தான் 1851-ல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்தார். அதைப் பார்த்து எழுந்ததே பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகை. 1889-ல் அடிக்கல் நாட்டினார்கள். மாரிகுப்பத்தில் ரயிலேறி அங்கே மலர்க் கண்காட்சி பார்க்கப் போகாத தங்க வயல் குடும்பம் இருக்குமா? பாக்ஸ்டனுக்கு நிலக்கரி அடுப்பும் ஏராளமான ஆட்களும் இருந்தன. நமக்கு ஒரு ஜன்னலும் ஒரு விளக்கும்தான். ஆகவே செடியை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாங்கொட்டையை நட்டால் அழகாக முளைக்கும், குழந்தைகள் குதிப்பார்கள், ஜன்னலோரத்தில் காய்க்காது. பலா, தென்னை பற்றி நினைக்கவே வேண்டாம். எலுமிச்சை விதை போட்டால் காய்ப்புக்கு ஐந்து முதல் பத்து வருடம்கூட ஆகும். வெளிச்சம் குறைந்த வீட்டில் அதற்கும் மேலே. ஒட்டுச் செடியோ பதியனோ வாங்கினால் இரண்டு மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம். விதையில்லாத டஹிட்டி எலுமிச்சை, 1908-ல் ஃபிராங்க் மேயர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேயர் எலுமிச்சை, சின்னஞ்சிறு ஆரஞ்சுபோல் புளிக்கும் காலமாண்டின் - இந்த மூன்றும் வீட்டுக்குள் நம்பத் தகுந்தவை. பதியன் போட்ட கொய்யா பெரிய தொட்டியில் காய்க்கும், ஆனால் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். குட்டை மாதுளையும் சரி. மோரிஸ் வாழைக்கு ஆறடிக்குமேல் உயரமும் நல்ல வெளிச்சமும் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். குழந்தைகளுக்கு அன்னாசி. கடையில் வாங்கிய பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடியிலைகளை உரித்து, இரண்டு நாள் காயவிட்டு நடுங்கள். இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். நன்கு வளர்ந்தும் பூக்காவிட்டால், கனிந்த ஆப்பிள் ஒன்றைச் செடியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையால் ஒரு வாரம் மூடிவையுங்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அன்னாசியைப் பூக்கத் தூண்டும்.

"எதுக்குடா கடையில வாங்கணும்? நம்ம டின்னுலேருந்து ஒரு பதியன் கட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போ" என்றார் அம்மா, நான் கிளம்புமுன். அவருக்கு வயது 86. ஈரத் துணி சுற்றித் தயாராகவே வைத்திருந்தார். நான் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பெட்டிக்குள் புடவை மடிப்பில் ஒரு குச்சியோ பச்சைக் கறிவேப்பிலையோ வைத்துக் கொண்டுவருவதை நம்மவர்கள் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. எலுமிச்சை இனங்களைக் கொல்லும் 'சிட்ரஸ் கிரீனிங்' என்று ஒரு நோய் இருக்கிறது. நம் நாட்டிலும் உண்டு. அதைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். 1998-ல் அந்தப் பூச்சியும் 2005-ல் நோயும் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டன. 2003-04-ல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23-ல் 2 கோடிப் பெட்டிகூட இல்லை. புயலும் சேர்ந்து அடித்தது உண்மைதான். ஆனாலும் பெரும் பங்கு இந்த நோய்க்கு. அமெரிக்காவுக்குள் எலுமிச்சை இனச் செடியும் பச்சைக் கறிவேப்பிலையும் பயணிகள் கொண்டுவரக் கூடாது. ஊர் மண்ணை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றுமே அனுமதிப்பதில்லை. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும்; ஒரு குச்சியால் ஊரார் தோப்பு போவது நமக்கு வேண்டாம்.

மகளின் செடி மார்ச் நடுவில் துளிர் விட்டது. ஊசி முனை அளவுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குப் போனில் சொன்னோம். செடி மொட்டையாய் நின்ற கதையையும் அப்போதுதான் சொன்னோம். "எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா படம் அனுப்பலியே" என்றார்.

கோடையில் வெளியே வைக்கும்போது அவசரம் கூடாது. உள்ளே வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே நாளில் வெந்துவிடும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில். இரவு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்குமுன் உள்ளே வந்துவிட வேண்டும். வருமுன் இலையிடுக்கில் மாவுப்பூச்சியும் தண்டில் செதில் பூச்சியும் இருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். உரம் வளரும் மாதங்களில் மட்டும். குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

மறுவருடம் பூத்தது. வீட்டுக்குள் தேனீ இல்லை. டஹிட்டிக்கு அது இல்லாமலும் காய் பிடிக்கும். மேயர், காலமாண்டின் வைத்திருப்பவர்கள் மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடுங்கள். இருபது பிஞ்சு பிடித்தாலும் இளஞ்செடியில் நான்கைந்தை விட்டு மற்றவற்றைக் கிள்ள வேண்டும். இல்லையேல் செடி இளைத்துவிடும். பேரன் கிள்ள விடவில்லை. தானாகக் கொட்டியதுபோக ஏழு நின்றன.

முதல் பழத்தை அறுத்துப் படம் எடுத்து அனுப்பினோம். விதையே இல்லையே என்று அம்மாவுக்குக் குறை. "வெதை இல்லாத எலுமிச்சை என்னா எலுமிச்சை?" என்றார். பிறகு, விதை இல்லையென்றால் பதியன்தான் வழி, பென்சில் கனத்துக் கிளையில் ஒரு விரற்கடை பட்டையைச் சுற்றி எடுத்துவிட்டு ஈரப் பாசி வைத்துக் கட்டு, இரண்டு மாதத்தில் வேர் வரும் என்று போனிலேயே பாடம் நடத்தினார். கட்டியிருக்கிறோம். எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், அடியில் ஓட்டை உள்ள தொட்டியாகப் பார்த்து வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.